மாளிகைமேட்டுச் சீனச் சில்லுகளும் 'ஏற்றுமதிப் பீங்கான்' என்னும் கருத்தாக்கமும்: ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

அரியலூர் மாவட்டம் கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்த மாளிகைமேட்டு அகழாய்வுகளில் சீனப் பீங்கான் சில்லுகள் கிடைத்துள்ளன. தமிழ்நாட்டு வரலாற்றெழுத்து இவற்றைச் சோழ – சீன அரசுறவின் சான்றாகக் காட்டுகிறது. மேலைநாட்டுக் கலை வரலாறோ ஐரோப்பியக் கம்பெனிகளின் வணிகத்தைக் கொண்டு 'ஏற்றுமதிப் பீங்கான்' என்பதை வரையறுப்பதால் இவற்றை முன்கதையாக ஒதுக்குகிறது. இவ்விரு பார்வைகளும் சில்லுகளைப் பிறிதொரு கதைக்குத் துணைச் சான்றாகவே நிறுத்துகின்றன என்பதையும், 'சீனப் பீங்கான்' என்னும் ஒற்றைத் தலைப்பில் அவற்றைப் பதிவு செய்வதால் மாளிகைமேட்டின் காலவரையறைக்கே இழப்பு நேர்கிறது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: கங்கைகொண்ட சோழபுரம், மாளிகைமேடு, பீங்கான், செலடான், சோழர் கடல்வணிகம், தரங்கம்பாடி, ஐரோப்பியக் கம்பெனிகள்.

முன்னுரை

ஆசியப் பீங்கான் மேற்கே சென்ற வரலாறு பெரும்பாலும் ஐரோப்பியக் கப்பல்களிலிருந்து தொடங்கப்படுகிறது. வாஸ்கோ ட காமா 1498இல் இந்தியா வந்தது, போர்த்துகீசியர் 1557இல் மக்காவில் குடியமர்ந்தது, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602இல் தோன்றியது என்னும் வரிசையில் அக்கதை நகரும். இவ்வரிசையில் சோழமண்டலக் கரை இடைத்துறையாக மட்டுமே இடம்பெறுகிறது. கரைக்கு உட்பட்ட அரியலூர், பெரம்பலூர் நிலப்பகுதி இடம்பெறுவதே இல்லை. ஆயினும் போர்த்துகீசியர் வருகைக்கு ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே சீனச் சூளைகளின் கலங்கள் இந்நிலப்பகுதியின் அரண்மனை ஒன்றில் புழங்கின என்பதை மாளிகைமேட்டு அகழாய்வு காட்டியுள்ளது. அச்சில்லுகள் கிடைத்த செய்தி அறிஞர் அறிந்ததே. அவை எவ்வாறு படிக்கப்பட்டுள்ளன, எவ்வாறு படிக்கப்பட வேண்டும் என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

1. களம்

முதலாம் இராசேந்திரன் தன் கங்கைப் படையெடுப்பின் வெற்றியை ஒட்டி ஏறத்தாழ 1025இல் அமைத்த தலைநகர் கங்கைகொண்ட சோழபுரம். சோழராட்சி முடிவுற்ற 1279 வரை அது தலைநகராகத் திகழ்ந்தது. அங்குள்ள பெருவுடையார் கோயில் 2004இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கோயிலுக்குத் தென்மேற்கே உள்கோட்டைப் பகுதியில் உள்ள மேடே மாளிகைமேடு. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1980களில் பல பருவங்களாகவும், பின்னர் 2021 முதலும் இங்கு அகழாய்வு நடத்தியது. செங்கற் சுவர்கள், கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், தந்தப் பொருள்கள் ஆகியவற்றோடு செலடான், பீங்கான் என்னும் இருவகைச் சீனக் கலங்களின் சில்லுகளும் வெளிப்பட்டன.

இக்களத்தைப் பற்றி இரண்டு செய்திகளை மனத்திற்கொள்ள வேண்டும். ஒன்று, இதன் மண்ணடுக்குகள் முழுமையாக எஞ்சியவை அல்ல. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது கோயில் மதிலின் கற்கள் பெயர்த்து எடுக்கப்பட்டன. அரண்மனை மேட்டின் செங்கற்களையும் சுற்றுவட்டார மக்கள் நெடுங்காலமாகத் தோண்டி எடுத்து வந்தனர். எனவே மேற்பரப்பில் கிடைக்கும் ஒரு சில்லுக்கும், கலையாத அடுக்கில் கிடைக்கும் ஒரு சில்லுக்கும் சான்று மதிப்பு ஒன்றன்று. மற்றொன்று, இக்களத்தின் நிருவாக முகவரி மாறிக்கொண்டே வந்துள்ளது. 1980களின் ஆவணங்களில் இது திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்தது. 1995இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபின் அதற்கு உரியதாயிற்று. 2001இல் உருவான அரியலூர் மாவட்டம் மறு ஆண்டே பெரம்பலூருடன் இணைக்கப்பட்டு, 2007இல் மீண்டும் தனி மாவட்டமானது. ஒரே மேட்டின் சில்லுகள் மூன்று மாவட்டப் பெயர்களின் கீழ்த் தேடப்பட வேண்டிய நிலை இதனால் உண்டாகிறது. அட்டவணைப்படுத்துவோர்க்கு இது சிறு செய்தியன்று.

2. பெயர்கள் சுமக்கும் வரலாறு

இப்பொருளைக் குறிக்கும் சொற்கள் யாவும் வணிக வழிகளின் தடம் கொண்டவை. தமிழில் வழங்கும் 'பீங்கான்' என்னும் சொல் கிண்ணத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல்லோடு தொடர்புடையது. மேலையாசிய வணிகரின் வாய்மொழி வழியே அது தென்னாட்டுக்கு வந்தமையை அச்சொல் உணர்த்துகிறது. ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் 'போர்செலின்' என்பது இத்தாலிய மொழியில் சோழியைக் குறித்த சொல்லிலிருந்து பிறந்தது. கலத்தின் வெண்மையும் வழவழப்பும் சோழியை நினைவூட்டின. பசும்பூச்சுக் கலத்தைக் குறிக்கும் 'செலடான்' 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் புனைகதை ஒன்றின் இடையன் பெயரிலிருந்து வந்தது என்பது பெரும்பாலோர் கொள்கை. அப்பெயர் பிறப்பதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே அக்கலம் கங்கைகொண்ட சோழபுரத்தை அடைந்துவிட்டது.

பெயர்ச்சிக்கல் இத்தோடு நிற்பதில்லை. கல்போல் இறுகிய மட்கலம் வேறு, ஒளி ஊடுருவும் வெண்பீங்கான் வேறு என ஐரோப்பிய மரபு பிரித்துக் காணும். சீன மரபோ உயர்வெப்பத்தில் சுடப்பட்டு மெருகேறிய இருவகையையும் ஒரே சொல்லால் குறிக்கும். மாளிகைமேட்டுச் சில்லுகளை 'செலடான்', 'பீங்கான்' என இரண்டாகப் பிரிக்கும் வழக்கம் ஐரோப்பியப் பகுப்பைப் பின்பற்றுவது. அதில் தவறில்லை, ஆனால் அப்பகுப்பு பூச்சின் நிறத்தையும் உடலின் தன்மையையும் கலந்து வைப்பதால், சூளையை அடையாளம் காண அதுமட்டும் போதாது என்பதை ஆய்வாளர் உணர்தல் வேண்டும்.

இடப்பெயர் பொருட்பெயராவதற்குச் சோழமண்டலமே ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறது. சீனாவில் செய்யப்பட்ட அரக்குப்பூச்சு மடக்குத் திரைகள் ஐரோப்பாவில் 'கோரமண்டல் திரைகள்' எனப்பட்டன. அவை இக்கரையில் செய்யப்பட்டவை அல்ல. கம்பெனிக் கப்பல்கள் இக்கரையின் துறைகள் வழியே அவற்றைக் கொண்டு சென்றமையால் அப்பெயர் நிலைத்தது. சரக்கு கைமாறிய இடம் ஐரோப்பியச் சந்தையில் பெயராக நின்றது. சோழர் காலத்தில் இதே கரையில் இறங்கிய பீங்கானுக்கு அத்தகைய பெயர் ஏதும் வாய்க்கவில்லை. பெயரின்மையை வணிகமின்மையாகக் கொள்ளும் பிழை இதிலிருந்தே தொடங்குகிறது.

3. ஐரோப்பிய வரையறையும் அதன் எல்லையும்

மேலைநாட்டு அருங்காட்சியகங்களில் 'ஏற்றுமதிப் பீங்கான்' என்பது பெரும்பாலும் மூன்று அடையாளங்களால் அறியப்படுகிறது: நீலவெண் ஓவியம், வாங்குவோரின் விருப்பப்படி அமைந்த வடிவம், பெருந்தொகையான ஏற்றுமதி. இம்மூன்றும் ஐரோப்பிய வணிகத்தில் மெய்யாகவே காணப்படுபவை. போர்த்துகீசிய அரச முத்திரை தலைகீழாக வரையப்பட்ட 16ஆம் நூற்றாண்டுக் கலங்கள் எஞ்சியுள்ளன. முத்திரையின் பொருளை அறியாத ஓவியர் கொடுத்த மாதிரியைப் பார்த்து வரைந்தனர் என்பதற்கு அவை சான்று. டச்சுக்காரர் தமக்கு வேண்டிய கலங்களின் மர மாதிரிகளை 1635இல் தைவான் வழியே சீன வணிகரிடம் கொடுத்தனர். 1603இல் அவர்கள் கைப்பற்றிய 'சாந்தா கத்தரீனா' என்னும் போர்த்துகீசியக் கப்பலில் இருந்த ஏறத்தாழ 1,00,000 பீங்கான்கள் ஆம்ஸ்டர்டாமில் ஏலம் விடப்பட்டன. 1752இல் மூழ்கிய 'கெல்டர்மால்சன்' கப்பலிலிருந்து மீட்கப்பட்ட ஏறத்தாழ 1,50,000 கலங்கள் 1986இல் ஏலத்திற்கு வந்தன.

ஆயினும் இவ்வடையாளங்களில் எதுவும் ஐரோப்பியருக்கே உரியதன்று. தொகையை எடுத்துக்கொண்டால், சுமத்திராவுக்கு அருகே பெலித்துங் தீவையொட்டி 1998இல் கண்டறியப்பட்ட 9ஆம் நூற்றாண்டுக் கப்பலில் மட்டும் ஏறத்தாழ 60,000 சீனக் கலங்கள் இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை சாங்ஷா சூளைக் கிண்ணங்கள். ஒன்றில் 826ஆம் ஆண்டுக்கு உரிய குறிப்பு பொறிக்கப்பட்டுள்ளது. மேலையாசியச் சந்தையை நோக்கி ஒரே வகைக் கிண்ணத்தை ஆயிரக்கணக்கில் வனைந்த உற்பத்தி முறை அப்போதே இருந்தது.

வடிவத்தை எடுத்துக்கொண்டால் கெண்டி தக்க சான்றாகும். பக்கவாட்டில் மூக்கு அமைந்த நீர்க்கலமான கெண்டி தமிழ்நாட்டு இல்லங்களில் நன்கு அறியப்பட்டது. மலாய் மொழியிலும் வழங்கும் அச்சொல்லை வடமொழிக் 'குண்டிகை'யோடு தொடர்புபடுத்துவர். இந்திய மரபிலிருந்து தென்கிழக்காசியாவுக்குப் பரவிய அவ்வடிவத்தைச் சீனச் சூளைகள் அங்குள்ள சந்தைக்காக வனைந்தன. பின்னாளில் ஜிங்டெஜென் நகரின் நீலவெண் கெண்டிகள் டச்சுக் கப்பல்களில் ஐரோப்பாவை அடைந்து, அங்கே அரும்பொருளாகப் போற்றப்பட்டன. வாங்குவோர்க்கேற்ற வடிவமே ஏற்றுமதிப் பீங்கானின் இலக்கணம் எனில், கெண்டியின் வரலாறு அவ்விலக்கணத்தை ஐரோப்பியருக்கு முந்தைய ஆசியச் சந்தைகளுக்கு உரியதாக்குகிறது.

அவ்வாறாயின் ஐரோப்பிய வணிகம் கொணர்ந்த மாற்றம் யாது? வணிகத் தனியுரிமையும் ஆயுதமேந்திய கப்பலும் ஒருபுறம். எழுத்து ஆவணம் மறுபுறம். கம்பெனிகள் கொள்முதல் ஆணை, சரக்குப் பட்டியல், ஏலக் கணக்கு ஆகியவற்றைப் பேணின. பீங்கான் அவற்றின் மொத்த வணிக மதிப்பில் சிறு பங்கே. ஈரத்தால் கெடாத கனத்த சரக்காதலால் கப்பலின் அடித்தளத்தில் அடுக்கப்பட்டு, அதன்மேல் தேயிலை முதலியன ஏற்றப்பட்டன. ஆயினும் அச்சிறு பங்கும் தாளில் பதிவானது. இன்றைய பீங்கான் வரலாறு ஐரோப்பாவை மையமாகக் கொண்டமைக்கு இத்தாள்களின் மிகுதியே முதன்மைக் காரணம்.

4. தூதுக்குழு விளக்கத்தின் போதாமை

தமிழ்நாட்டு வரலாற்றெழுத்தில் மாளிகைமேட்டுச் சில்லுகள் பெரும்பாலும் சோழர் தூதுக்குழுக்களுடன் சேர்த்துப் பேசப்படுகின்றன. 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோழ நாட்டுத் தூதுவர் சீனாவை அடைந்தமையைச் சொங் மரபின் வரலாற்றுக் குறிப்புகள் கூறுகின்றன. 1025இல் நிகழ்ந்த கடாரப் படையெடுப்பும் இவற்றோடு இணைக்கப்படும். கடல் கடந்த அரசனின் அரண்மனையில் கடல் கடந்த கலம் கிடைத்தது இயல்பே என்ற முடிவு எளிதில் பிறக்கிறது.

இவ்விளக்கத்தை அத்தூதுக்குறிப்புகளே முழுமையாகத் தாங்குவதில்லை. 72 பேர் கொண்ட 1077ஆம் ஆண்டுத் தூதுக்குழு கொண்டுசென்ற பொருள்களுக்கு ஈடாகப் பெற்றது 81,800 செப்புக்காசுச் சரங்கள். சீனச் செப்புக்காசுகள் பட்டுக்கோட்டை வட்டத்து விக்கிரமம் முதலிய ஊர்களில் புதையல்களாகக் கிடைத்துள்ளமை இதனோடு ஒப்பிடத்தக்கது. நாகப்பட்டினக் கோயில் கல்வெட்டில் ஸ்ரீவிஜய அரசனின் கொடையாகச் 'சீனக்கனகம்' பெயர் சுட்டப்படுகிறது. அரசுகளுக்கிடையே கைமாறியவை பொன்னும் காசும் முத்தும் தந்தமும் என்பதையே இவை முன்னிறுத்துகின்றன. அன்றாட உணவுக்குரிய கிண்ணம் அரசுறவின் வழியே வந்தது என்பதற்குத் தனிச்சான்று தேவை.

வணிகர் வழியே வந்தது என்பதற்கோ சூழ்நிலைச் சான்றுகள் பல உள. சுமத்திராவின் பாருசில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினரைக் குறிக்கிறது. சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. 1225இல் சாவ் ருகுவா எழுதிய நூல் சோழ நாட்டைத் தனி இயலில் விவரிப்பதோடு, பல நாடுகளில் விற்கப்பட்ட சீனச் சரக்குகளுள் பீங்கானையும் குறிக்கிறது. நாகப்பட்டினத்தில் 1267ஆம் ஆண்டுச் சீன எழுத்துப் பொறிப்புடன் ஒரு செங்கற் கோபுரம் இருந்ததை 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பயணி வாங் தாயுவான் பதிவு செய்துள்ளார். இவற்றின் பின்புலத்தில் மாளிகைமேட்டுக் கிண்ணம் அரச வெற்றியின் அடையாளமாக இருப்பதைவிட, துறைமுகத்தில் இறங்கி உள்நாட்டுக்கு ஏறிய விற்பனைச் சரக்காக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி.

5. ஒற்றைத் தலைப்பின் இழப்பு

மேற்கண்ட இரு விளக்கங்களுக்கும் பொதுவான குறை, சில்லைச் சில்லாகப் பார்க்காமையே. அகழாய்வுச் சுருக்கங்களில் கூரை ஓடு, ஆணி, வளையல் ஆகியவற்றின் வரிசையில் 'சீனப் பீங்கான்' என்னும் தலைப்பு இடம்பெற்று முடிந்துவிடுகிறது. இத்தலைப்பின் கீழ் அடங்கக்கூடிய கலங்கள் பல நூற்றாண்டுகளுக்கும் பல மாகாணங்களுக்கும் உரியவை. செஜியாங் பகுதியின் லொங்சுவான் செலடான், ஜியாங்சி பகுதியின் ஜிங்டெஜென் வெண்கலம், புஜியன், குவாங்டொங் கடற்கரைச் சூளைகளின் மலிவான கிண்ணங்கள் ஆகியவை களிமண் உடல், மெருகுப்பூச்சு, அடிவளையத்தின் செதுக்கு ஆகியவற்றால் வேறுபடுத்தி அறியத்தக்கவை.

இவ்வேறுபாடு மாளிகைமேட்டின் வரலாற்றுக்கு ஏன் இன்றியமையாதது? வடசொங் மரபு 1127இல் முடிவுற்றது. தென்சொங் மரபு 1279இல் வீழ்ந்தது. சோழர் தலைநகரின் முடிவும் அதே 1279ஆம் ஆண்டே. ஆகவே சில்லுகளை வடசொங், தென்சொங் எனப் பகுக்க இயலுமாயின், 1077ஆம் ஆண்டுத் தூதுக்குப்பின் தலைநகருக்கு வந்த சீனச் சரக்கு பெருகியதா, அருகியதா என்பதை அறிய வழி பிறக்கும். குலோத்துங்க மரபினரின் பிற்காலத்தில் அரண்மனை வாழ்வு தளர்ந்ததா என்னும் வினாவுக்கும் அது விடையின் ஒரு பகுதியாகும்.

நீலவெண் பீங்கான் இதில் தனிக் கவனத்துக்கு உரியது. ஜிங்டெஜென் சூளைகளில் இவ்வகை முழு வளர்ச்சி பெற்றது யுவான் மரபின் காலமாகிய 14ஆம் நூற்றாண்டில். எனவே அது சோழர் கால அடுக்குக்கு உரியதாக இருக்க முடியாது. மாளிகைமேட்டில் எங்கேனும் ஒரு நீலவெண் சில்லு கிடைக்குமாயின், அது தலைநகர் வீழ்ந்தபின் அங்கு நிகழ்ந்த குடியிருப்புக்கோ, அடுக்கு கலைந்தமைக்கோ சான்றாகும். ஐரோப்பிய அருங்காட்சியகத்தில் ஏற்றுமதிப் பீங்கானின் முகமாக விளங்கும் அதே கலம், இக்களத்தில் காலப்பிழையைக் காட்டிக்கொடுக்கும் கருவியாகிறது. செங்கல் தோண்டியெடுக்கப்பட்டு அடுக்குகள் குலைந்த ஒரு மேட்டில் இத்தகைய கருவியின் பயன் பெரிது. 'சீனப் பீங்கான்' என்னும் ஒற்றைத் தலைப்பு அதனை வீணாக்கிவிடுகிறது.

இப்பணி செய்ய இயலாததன்று என்பதற்கு முன்னோடி உண்டு. நொபொரு கராஷிமா பதிப்பித்து 2004இல் வெளியான தென்னிந்திய, இலங்கைச் சீனப் பீங்கான் சில்லுகள் குறித்த ஆய்வு, சப்பானிய மட்கல வல்லுநரும் இந்திய வரலாற்றறிஞரும் ஒருங்கே களம் கண்டதன் பயன். தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1987இல் அகழ்ந்த இராமநாதபுரம் மாவட்டப் பெரியபட்டினத்தின் சில்லுகள் பெரும்பாலும் 13, 14ஆம் நூற்றாண்டுகளுக்கு உரியவை எனத் தெளிந்தமை சூளைவாரியான அடையாளத்தாலேயே இயன்றது. அத்தெளிவு பெரியபட்டினத்தைப் பாண்டிய நாட்டுத் துறைமுகங்களின் வளர்ச்சியோடு இணைத்துக் காண உதவியது. துறைமுகமான பெரியபட்டினத்தையும் உள்நாட்டு அரண்மனையான மாளிகைமேட்டையும் இதே முறையில் ஒப்பிட்டால், இறங்கிய சரக்கில் எத்தரம் அரண்மனைக்கு ஏறியது என்பதும் புலப்படும்.

6. கங்கைகொண்ட சோழபுரமும் தரங்கம்பாடியும்

டென்மார்க்கின் கிழக்கிந்தியக் கம்பெனி தஞ்சை இரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்து 1620இல் தரங்கம்பாடியில் காலூன்றியது. 1845இல் அவ்வூர் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. அங்குள்ள டேன்ஸ்பர்க் கோட்டை அகழ்வைப்பகத்தில் பீங்கான் கலங்களும் சீனத் தேயிலைச் சாடிகளும் காட்சிக்கு உள்ளன. கங்கைகொண்ட சோழபுரத்திலும் தரங்கம்பாடியிலும் அகழ்வைப்பகம் நடத்துவது அதே தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையே. ஒன்று சோழர் பெருமையின் இடமாகவும் மற்றொன்று டேனியர் நினைவின் இடமாகவும் அமைந்துவிட்டதால், இரண்டிலும் உள்ள சீனக் கலங்கள் ஒரே கடல்வணிகத்தின் முற்பகுதியும் பிற்பகுதியும் என்பது பார்வையாளருக்குப் புலனாவதில்லை. ஒரு பொதுவான அட்டவணையும் காட்சிக் குறிப்பும் இவ்விடைவெளியை நிரப்பும்.

இவ்விரு முனைகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் அரியலூர், பெரம்பலூர் நிலப்பகுதியின் நிலையும் ஆராயத்தக்கது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இப்பகுதி உடையார்பாளையம், அரியலூர்ப் பாளையக்காரர்களின் ஆட்சியிலும், ரஞ்சன்குடிக் கோட்டையை மையமாகக் கொண்ட அதிகாரத்தின் கீழும் இருந்தது. 1751இல் வாலிகண்டபுரத்தை ஒட்டி ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருதனர். கம்பெனிகளின் போர் இந்நிலத்தை எட்டியது உறுதி. அவற்றின் சரக்கு எட்டியதா என்னும் வினாவை ரஞ்சன்குடிக் கோட்டை, பாளையக்காரர் அரண்மனை இடிபாடுகள் ஆகியவற்றில் மேற்கொள்ளும் முறையான மேற்பரப்பாய்வு எதிர்கொள்ள வேண்டும். நீலவெண் சில்லுகள் அங்கே எந்த அளவில் கிடைக்கின்றன, மாளிகைமேட்டில் செலடான் எந்த அளவில் கிடைக்கிறது என்னும் ஒப்பீடு, உள்நாட்டுச் சந்தை இரு காலங்களிலும் கடலோடு கொண்ட உறவை அளக்கும் கோலாக அமையும்.

முடிவுரை

மாளிகைமேட்டுச் சில்லுகள் ஐரோப்பிய வணிகத்தின் முன்கதையும் அல்ல. இராசேந்திரனின் கடல்வெற்றிக்குச் சூட்டிய அணியும் அல்ல. அவை தமக்கெனத் தனிவரலாறு கொண்ட ஆசிய வணிகம் ஒன்றின் எச்சங்கள். அவ்வணிகத்திற்கு ஆம்ஸ்டர்டாமின் ஏலக் கணக்கோ கோபன்ஹேகனின் சரக்குப் பட்டியலோ இல்லை. ஆதலால் சில்லின் உடலும் பூச்சும் அடிவளையமும், அது கிடைத்த குழியும் அடுக்குமே அதன் ஆவணம்.

இதுவரை கிடைத்த சில்லுகளைப் பழைய திருச்சிராப்பள்ளி, பெரம்பலூர் மாவட்டப் பதிவுகளிலிருந்தும் திரட்டிச் சூளைவாரியாக வகைப்படுத்துதல், கலைந்த அடுக்கின் சில்லைக் கலையாத அடுக்கின் சில்லிலிருந்து பிரித்துக் காட்டுதல், நிழற்படத்தோடும் வரைபடத்தோடும் எவரும் காணும் வகையில் வெளியிடுதல் ஆகிய மூன்றும் உடனடித் தேவைகள். ஐரோப்பிய ஆவணக் காப்பகத்தில் ஒரு சரக்குப் பட்டியல் அழிந்தால் அதன் படியோ மறுபதிவோ வேறிடத்தில் கிடைக்கக்கூடும். கிடைத்த அடுக்கு குறிக்கப்படாமல் பெட்டிக்குள் சேர்ந்த சில்லுக்கு அத்தகைய மறுபடி இல்லை.